மறையூர் மலையும் முத்துப்பேச்சியின் செக்கிங் டேபிளும்

"சைக்கிள்லயே மறையூர் மலைக்குப் போயி, சைக்கிள்லயே திரும்பி வரப்போறேன்" அப்படின்னு நான் அறிவிச்சப்ப, என் கையில பாதி கடிச்ச தேங்காய் பன் இருந்துச்சு. மீதிப் பாதி வாயில. அதனால அறிவிப்போட கம்பீரம் கொஞ்சம் கெட்டுப்போச்சு. எதிர்ல நின்னது என் சம்சாரம் முத்துப்பேச்சி. எடம், திருப்பூர் வீரபாண்டில எங்க லைன் வீட்டுக்குத் திரும்புற முக்குல இருக்கிற பேக்கரி. அன்னைக்கு ஆடிப்பெருக்குக்கு முந்துன நாள்.

என் பேரு மூக்கையா. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். சங்கரன்கோயில் பக்கத்துலருந்து பொழைக்க வந்து பத்தொம்பது வருசமாச்சு. முத்துப்பேச்சி வேற கம்பெனில செக்கிங். ஒரு பனியனுக்கு அவ ஒதுக்குற நேரம் ஏழு வினாடி. அதுக்குள்ள ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை எல்லாம் அவ கண்ணுல வந்து வரிசையா நிக்கும். குத்தம் இருக்கிற எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர ஒட்டித் தள்ளிருவா. அப்படிப்பட்டவ முன்னால தேங்காய் பன்ன முதுகுக்குப் பின்னால மறைக்கப் பாத்தேன் பாருங்க, அதுதான் என் அறிவு.

பன்னு ஏன் குத்தம்னு கேப்பீங்க. போன வருசம் எங்க கம்பெனில மருத்துவ முகாம் நடத்தி, என் ரத்தத்துல சர்க்கரை இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அன்னையிலருந்து எங்க வீட்டுல சர்க்கரை இல்ல. காலையில கேப்பைக் களி. மத்தியானம் கம்பங்களி. சாயங்காலம் பாவக்காய் சாறு. ஞாயித்துக்கிழமை விசேசம்னு கேட்டா, களிக்குத் தொட்டுக்கிட ரெண்டு கறித்துண்டு வரும். பத்து மாசமா பிரியாணிய நான் மூக்காலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், அதுவும் அடுத்த வீட்டுப் பிரியாணி. மனுசன் அழுதுருவான்.

இந்த நெலமையிலதான் டென்மார்க்குலருந்து, எங்க சரக்கு வாங்குற ஒரு பையர் கம்பெனிக்கு வந்தாரு. வயசு அறுபத்திரெண்டு. லீவு கெடைச்சா சைக்கிள எடுத்துக்கிட்டு மலை இடுக்கு, ஆத்துப் பள்ளம்னு நாள் கணக்கா சுத்துறவராம். ஆர்டர் பாத்துக்கிற மெர்ச்சன்டைசர் மொழிபெயர்த்துச் சொன்னாரு. டீ நேரத்துல அந்த மனுசன் மூணு துண்டு கேக்கு சாப்பிட்டாரு. தொப்பை இல்ல, மூச்சிரைப்பு இல்ல. சைக்கிள் மிதிச்சா கேக்கு சாப்பிடலாம்ங்கிற விஞ்ஞானம் எனக்கு அந்த எடத்துலயே விளங்கிருச்சு. அதைத்தான் பேக்கரி வாசல்ல, வாயில பன்னோட, முத்துப்பேச்சிக்கு விளக்குனேன்.

அவ கோவிச்சிருந்தா பொழைச்சிருப்பேன். எங்க ஊருப் பாசையில நாலு வசவு விழுந்திருக்கும், தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். அவ கோவிக்கலை. கொங்குத் தமிழுக்கு மாறிட்டா. பத்தொம்பது வருசத்துல எனக்குப் பழகாதது இது ஒண்ணுதான். முத்துப்பேச்சி வாயில 'ஏனுங்க' வந்தா எங்கயோ கத்தி தீட்டுறாங்கன்னு அர்த்தம்.

"ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன? என் உடம்பு இரும்பு. நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர. சுதந்திர தினம் திங்கக்கிழம வருது. ஞாயிறு போயிட்டு திங்க வந்துருவேன்."

"போயிட்டு வந்தா?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை பிரியாணி. தெனம் ஒரு தேங்காய் பன். நீ ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"முடியலைன்னா?"

"ஆயுசுக்கும் களி."

"சரிங்க. போனதுக்கு அடையாளமா மறையூர் வெல்லம் வாங்கிட்டு வாங்க" அப்படின்னுட்டு, என் கையில இருந்த பன்ன வாங்கிக் காக்காய்க்குப் போட்டுட்டுப் போயிட்டா. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

என்கிட்ட இருந்தது ஒரு டிவிஎஸ் ஃபிப்டி. அதுலதான் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கம்பெனிக்குப் போவேன். மிதிக்கிற சைக்கிளுக்குப் பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணனத்தான் கேக்கணும். பொங்கியண்ணன் மாடு வச்சிருக்கிறவரு. கேட்டதுமே சைக்கிளத் தொடைச்சுக் கொண்டாந்து நிறுத்திட்டாரு. "நல்லா கனம் தாங்குமுங்க மாஸ்டரு. இதுலதான் நானு சந்தையிலருந்து தவுட்டு மூட்டை கொண்டாறதுங்க. உங்களையும் தாங்குமுங்க" அப்படின்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. கொங்கு நாட்டுல அவமானமும் 'ங்க' போட்டுத்தான் வரும்.

ஞாயித்துக்கிழமை வெளிச்சம் வரும்போதே கெளம்பிட்டேன். உடம்புல மஞ்சக் கலர் டீசர்ட், டென்மார்க்கு ஆர்டர்ல ரிஜெக்ட் ஆனது. கேரியர்ல ஒரு தூக்குச்சட்டி. உள்ள கேப்பைக் களி. மலைக்குப் போறவனையும் களி விடலை. லைன் வீட்டுச் சனம் மொத்தமும் வாசல்ல நின்னு கையாட்டுச்சு. முத்துப்பேச்சி மட்டும் ஆட்டலை, என் கெண்டைக்காலையே பாத்துக்கிட்டு நின்னா.

பல்லடம் வரைக்கும் நான் டென்மார்க்குக்காரனா இருந்தேன். பல்லடம் தாண்டுனதும் காத்து புடிச்சிருச்சு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி பறக்குமோ என்னமோ, மூக்கையா நகரலை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மின்சாரக் காத்தாடிக பேயாச் சுத்துது. நான் மிதிக்கேன், மிதிக்கேன், அதே புளியமரம் பக்கத்துலயே இருக்கு. ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு அம்மா நடந்து வந்துச்சு. என்னைத் தாண்டிப் போயிருச்சு. கொஞ்ச நேரத்துல ஆடுகளும் தாண்டிப் போயிருச்சு. கடைசில ஒரு நொண்டி ஆடு வந்து, என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அதுவும் போயிருச்சு.

குடிமங்கலம் நால்ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொண்ணு. பாதித் தூரம் கூட ஆகலை. தொடை ரெண்டும் கல்லாப் போச்சு. டீக்கடை பெஞ்சுல உக்காந்தவன்தான், எந்திரிக்க முடியலை. இன்னும் உடுமலை இருக்கு, அமராவதி அணை இருக்கு, அதுக்கு மேலதான் மலையே ஆரம்பிக்குது. ஆயுசுக்கும் களிங்கிற வார்த்தை கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. எனக்கு வயசு நாப்பத்தி நாலு. எங்க வம்சத்துல எம்பது வரைக்கும் இருப்பாங்க. முப்பத்தாறு வருசக் களி.

அப்பத்தான் ஒரு லாரி வந்து நின்னுச்சு. எறங்குனது பசீர் அகமது. எங்க கம்பெனிக்குத் துணி உருளை ஏத்திட்டு வர்ற டிரைவர். அன்னைக்கு லீவுங்கிறதால மறையூருக்கு வெல்லம் ஏத்தப் போறாராம். என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன், களி உட்பட. பசீர் அகமது லாரியோட பின்கதவத் தொறந்து, சைக்கிளத் தூக்கி உள்ள வச்சாரு. அவரு வீட்டுலயும் சம்சாரம் குல்சார் பேகம் ஆறு மாசமா ஓட்ஸ் போடுறாங்களாம். அவங்களுக்கு இது தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் சங்குதான் மாஸ்டரு, அதனால வாயத் தொறக்கவே மாட்டேன்னு சொன்னாரு.

அப்புறம் என்ன, ராசா மாதிரி போனேன். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டுனதும் காடு. சின்னாறுல கேரளா எல்லை தாண்டுனதும் ரோடு மலையோட இடுப்பச் சுத்திச் சுத்தி ஏறுது. ஒரு பக்கம் தலைக்கு மேல பாறை. இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். அடியில பாம்பாறு வெள்ளை நூல் மாதிரி ஓடுது, சத்தம் மட்டும் மேல வருது. ஒவ்வொரு ஏத்தத்துலயும் லாரி முக்குச்சு. நான் முக்கலை. லாரி முக்க முக்க எனக்குப் பசிதான் எடுத்துச்சு. மறையூர் போனதும் பரோட்டா, மாட்டுக் குழம்பு, அதுக்கு மேல ரெண்டு பழம்பொரி. தூக்குச்சட்டிக் களிய ஒரு நாய்க்கு வச்சேன். அது மோந்து பாத்துட்டு என்னைப் பாத்துச்சு.

சாயங்காலம் ஓடையில குளிச்சேன். வேர்வை நாத்தம் தாங்காம டீசர்ட்ட அலசிப் பாறையில காயப்போட்டேன். காஞ்சதும் எடுத்து மடிச்சு, லாரி சீட்டுல தலைக்கு வச்சுப் படுத்துட்டேன். அடையாளத்துக்கு வெல்லமும் வாங்கியாச்சு.

மறுநாள் காலையில ஒரு ஆசை வந்துச்சு. எறக்கந்தானே, சின்னாறு வரைக்கும் நாம சைக்கிள்ல போனா என்னன்னு. பசீர் முன்னால போயி செக்போஸ்ட்ல நிக்கறேன்னாரு. பொங்கியண்ணன் சைக்கிள்ல ஏறி உக்காந்தேன். ஒரு மிதி மிதிச்சிருப்பேன், அவ்வளவுதான். சத்தியமாச் சொல்றேன், அந்த மாதிரி ஒரு சந்தோசத்த நான் பாத்ததே இல்ல. ரோடு வளைய வளைய நானும் வளையறேன். காத்து இப்ப நம்ம பக்கம். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் மலைச் சரிவுல தூவானம் அருவி விழுந்துக்கிட்டே இருக்கு. நான் 'ஓய்'னு கத்துனா எதிர் மலையும் 'ஓய்'ங்குது. எங்க அப்பன் பேரச் சொல்லிக் கத்துனேன், முத்துப்பேச்சி பேரச் சொல்லியும் கத்துனேன். பாவம், அவ இதெல்லாம் பாத்ததே இல்லையே, கம்பெனி வேன்ல நின்னுக்கிட்டே போயி நின்னுக்கிட்டே வர்றவன்னு அந்த வேகத்துலயும் நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லப் போறமேன்னு மனசு கொஞ்சம் உறுத்துச்சு. அடுத்த வளைவுல நடுரோட்டுல ஆவி பறக்கற யானை லத்தி கெடந்துச்சு. உறுத்தல் போன எடம் தெரியலை. அந்த மலையில நான் நெசமா மிதிச்சது அந்த ஒரே மிதிதான்.

சின்னாறுல மறுபடி லாரி. பல்லடத்துக்கு முன்னால ஒரு வேப்பமரத்தடியில எறங்கிக்கிட்டேன். இப்ப வேலையே இருக்கு. வீட்டுல உக்காந்திருக்கிறது பதினஞ்சு வருச செக்கிங். சரக்கு பக்காவா இருக்கணும். அலசுன டீசர்ட்டுல மண்ண அள்ளிப் பூசுனேன். கக்கத்துல தண்ணிய ஊத்திக்கிட்டேன். செயின்ல விரலத் தொட்டு, குனிஞ்சு, வசதியா இருந்த பேண்ட்டுக் கால்ல கருப்புக் கிரீசா இழுகுனேன். தலைமுடியக் கலைச்சேன். லாரிக் கண்ணாடில பாத்தா எனக்கே என்மேல பரிதாபம் வந்துச்சு. அங்கருந்து வீட்டுக்கு மிதிச்சேன், நெசமாவே முக்கி முக்கி.

லைன் வீட்டுல திருவிழாக் கூட்டம். முத்துப்பேச்சி ஆரத்தி எடுத்தா. பொங்கியண்ணன் சம்பங்கி மாலை போட்டாரு. "சாதிச்சுப்போட்டீங்க மாஸ்டரு" அப்படின்னாரு. நான் மலையோட கஷ்டத்த விவரமாச் சொன்னேன். ஏத்தத்துல ரத்தம் கக்காத கொறை, ரெண்டு நாளா இந்த டீசர்ட்ட உடம்புலருந்து கழட்டவே இல்ல, அப்படியே ரோட்டோரம் படுத்தேன்னு சொன்னேன். கூட்டத்துல ரெண்டு பேரு கண்ணத் தொடைச்சாங்க. முத்துப்பேச்சி வெல்லத்த வாங்கி மோந்து பாத்தா. அசல் மறையூர்தான்னா. துணியக் கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்கன்னா.

குளிச்சிட்டு வந்தா வீடு பூரா வாசம். அடுப்புல பிரியாணி! சீரகச் சம்பா, ஆட்டுக்கறி. பத்து மாசம் கழிச்சு மூணு தட்டு சாப்பிட்டேன். அந்த டென்மார்க்குக்காரனோட மூணு துண்டுக் கேக்கு ஞாபகம் வந்துச்சு. நாலாவது தட்டுக்குக் கைய நீட்டுறப்ப, முத்துப்பேச்சி வாசல்ல இருந்த சனத்தப் பாத்துப் பேச ஆரம்பிச்சா.

"மலையே ஏறி எறங்குன காலு. அதுக்கு ஆறு கிலோமீட்டர் எம்மாத்திரம்? நாளையிலருந்து இவுக கம்பெனிக்குச் சைக்கிள்லயே போகப் போறாக. டிவிஎஸ் ஃபிப்டிய நான் எடுத்துக்கிடுதேன். ஏனுங்க, சரிதானுங்க?"

எல்லாரும் கைதட்டுனாங்க. பொங்கியண்ணன் உணர்ச்சிவசப்பட்டு, "அந்தச் சைக்கிள நீங்களே வெச்சுக்கோங்க மாஸ்டரு, உங்க காலு பட்ட வண்டிங்க, இனி தவுட்டு மூட்டை ஏத்த மனசு வராதுங்க" அப்படின்னுட்டாரு. முடியாதுன்னு சொன்னா, மலை ஏறலைன்னு ஆயிரும். ஏறலைன்னா ஆயுசுக்கும் களி. நான் தலைய ஆட்டுனேன். கை மட்டும் நாலாவது தட்டுக்குப் போகலை.

அடுத்த மூணு வாரம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. காலையில ஆறு கிலோமீட்டர், சாயங்காலம் ஆறு கிலோமீட்டர். திருப்பூர் ரோட்டுல இருக்கிற அத்தனை குழியும் எனக்குப் பேர் சொல்லிப் பழக்கமாச்சு. நான் பாலத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறப்ப, எதிர் வரிசையில முத்துப்பேச்சி டிவிஎஸ் ஃபிப்டில போவா. முந்தானைய இடுப்புல செருகி, முதுக நேரா நிமித்தி, ஒரு கலெக்டர் மாதிரி. தேங்காய் பன் தெனம் கெடைச்சுச்சு, ஆனா கடிக்கத் தாடையில தெம்பு இல்ல. பேண்ட்டு இடுப்புல நிக்காம கயிறு கட்டுனேன். வாரத்துல ஒரு நேரப் பிரியாணிக்காக ஆறு நாள் சாகணுமான்னு நான் என்னையே கேட்டேன். களியே தேவலைன்னு முட்டி சொல்லுச்சு.

மூணாவது ஞாயித்துக்கிழமை பிரியாணியச் சாப்பிட்டு முடிச்சிட்டு, கையக் கழுவிட்டு, உண்மையச் சொல்லிட்டேன். லாரி, பசீர் அகமது, பரோட்டா, ஓடை, எல்லாத்தையும். அடி விழும், அழுகை வரும்னு எதிர்பாத்தேன். அவ எந்திரிச்சுப் போயி பீரோவத் தொறந்தா. ஒரு பாலித்தீன் பையக் கொண்டாந்து என் முன்னால பிரிச்சா. அன்னைக்கு நான் கழட்டிப் போட்ட டீசர்ட்டும் பேண்ட்டும். மேல மூணு எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"இது என்ன?" அப்படின்னா. டீசர்ட்டுல தோள்லருந்து நேரா ரெண்டு கோடு, குறுக்க ஒரு கோடு. எக்ஸ்போர்ட் மடிப்பு. "ரெண்டு நாளா கழட்டலைன்னு சொன்ன துணியில மடிப்புக் கோடு எப்படி விழுந்துச்சு? மண்ணு கூட மடிப்புக்கு மேலதான் இருக்கு."

நான் பத்தொம்பது வருசமா பனியனுக்கு நடுவுல கெடக்கிறவன். அலசிக் காஞ்ச டீசர்ட்டக் கையில எடுத்ததும், கை தன்னால பேக்கிங் மடிப்பு மடிச்சிருக்கு. எனக்கே தெரியாது. வேற ஊருக்காரனா இருந்தா சுருட்டித் தலைக்கு வச்சிருப்பான்.

"கக்கத்துல தண்ணிக் கறை இருக்கு, உப்பு இல்ல" அப்படின்னா. ரெண்டாவது அம்பு. அப்புறம் பேண்ட்ட விரிச்சா. "செயின் வலது பக்கம் இருக்கு. கிரீசு இடது கால்ல இருக்கு. எந்தச் சைக்கிள ஓட்டுனிய?"

"அன்னைக்கே தெரிஞ்சுருச்சா பேச்சி?"

"ஏழு வினாடியில."

"தெரிஞ்சுமா மூணு வாரம் பிரியாணி போட்ட?"

"மிதிக்கிற மாட்டுக்குத் தீனி போடணும்லா. இனிமே களி."

தப்பு என்னுது. நான் தலை குனிஞ்சு ஒத்துக்கிட்டேன். பந்தயத்துல தோத்தாச்சு, களிய ஏத்துக்கிடுதேன். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு, மலை ஏறாத காலுக்குச் சைக்கிள் எதுக்கு, என் வண்டிச் சாவியக் குடுத்துருன்னு கேட்டேன். வண்டி பந்தயத்துலயே இல்லையேன்னா. அப்பத்தான் எனக்குக் கடைசி ஆயுதம் கையில கெடைச்சுச்சு. கணையத்தத் தவிர மத்ததெல்லாம் எனக்கு நல்லா வேலை செய்யும், மூளை உட்பட.

"ஏட்டி, அந்த வண்டிய ஓட்ட லைசென்சு வேணும். மூணு வாரமா நீ லைசென்சு இல்லாம ஓட்டுத. போலீசு புடிச்சா மானம் போயிரும். சாவியக் கொண்டா."

முத்துப்பேச்சி மறுபடியும் பீரோவுக்குப் போனா. ஒரு காயிதத்த எடுத்துட்டு வந்து என் மடியில போட்டா. எல்.எல்.ஆர்., வண்டி பழகுறதுக்குக் குடுக்கிற லைசென்சு. அவ போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, டிவிஎஸ் ஃபிப்டி மாதிரி வண்டிக்குன்னே எடுத்தது. நான் முத்திரைக்குக் கீழ இருந்த தேதியப் படிச்சேன். ஜூலை பதினெட்டு. இன்னொருக்கப் படிச்சேன். மறையூர்ங்கிற பேர நான் வாயில எடுத்ததே ஆகஸ்ட்டு ரெண்டாந்தேதிதான்.

"இது எப்படிட்டி?"

"டாக்டரு உங்களத் தெனம் சைக்கிள் மிதிக்கச் சொன்னாரு. நான் சொன்னா கேப்பியளா? ஏதாவது ஒரு சவடால் விடுவிய, அதுல மாட்டுவியன்னு தெரியும். எதுன்னுதான் தெரியாம இருந்துச்சு" அப்படின்னா. காயிதத்த வாங்கி பத்திரமா மடிச்சுக்கிட்டே சொன்னா: "ஒரு சைக்கிளு வாங்கணுமேன்னுதான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன். அதையும் நீங்களே கொண்டாந்துட்டிய."